ஹெர்மினியா வாங்கிய பதினாலு அறை

ஹெர்மினியா பலுயோட் செத்துப்போன மறுநாள் பத்திரிகையில் நாலு வரி போட்டிருந்தார்கள். நாடக, திரைப்பட நடிகை, பின்னாளில் நடிப்பு ஆசிரியை, வயது அறுபத்து மூன்று, சர்க்கரை நோய். எதுவும் பொய்யில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு அவள் யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. நாற்பது வருஷம் அவள் முகத்துக்குப் பவுடர் போட்டவள் நான். லூர்டிங் என்று கேட்டால் மணிலாவில் படப்பிடிப்பு நடக்கிற இடமெல்லாம் கையைக் காட்டுவார்கள். அதனால் மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் சாய்ந்துதான் சொல்வேன். நடுநிலை வேண்டுமென்றால் அந்த நாலு வரியையே திரும்பப் படித்துக்கொள்ளுங்கள்.

ஹெர்மினியா எங்களுக்கு மினியா. மணிலாவுக்கு வடக்கே இருக்கிற பம்பாங்கா மாகாணத்துக்காரி. அவளுடைய அப்பா ஒரு பாட்டு நாடகக் குழுவில் பிடில் வாசித்தவர். மே மாதம் வந்தால் ஊருக்கு ஊர் திருவிழா. கோயிலுக்கு எதிரே எண்ணெய் டிரம்களை நிறுத்தி மேலே பலகை அடித்தால் அதுதான் மேடை. பன்னிரண்டு வயதில் அதில் ஏறியவள், இருபது வயதில் குழுவின் கதாநாயகி. மைக் கெட்டுப்போனால் மற்றவர்கள் முழிப்பார்கள். மினியா பாட்டுக்குப் பாடிக்கொண்டிருப்பாள். கடைசி வரிசையில் தூங்குகிற குழந்தைகள் எழுந்து அழும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் மணிலாவுக்கு வந்தாள். வேலைக்காரி, நர்ஸ், கதாநாயகியின் தோழி, பிணத்தின் பக்கத்தில் நின்று அழுகிறவள் என்று இரண்டு வருஷம் ஓடியது. அதோடு மே மாதம் மட்டும் ஊருக்குப் போய்ப் பாடிவிட்டு வருவாள். "சினிமா சோத்துக்கு, மேடை உசுருக்கு" என்பாள். எண்பத்தாறில்தான் உருப்படியாக ஒரு வேடம் கிடைத்தது. கதாநாயகியின் ஏழைத் தங்கை. கதாநாயகி திவினா சால்வடேரா.

திவினாவைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் பார்த்திருப்பீர்கள், சோப்பு உறையில் பார்த்திருப்பீர்கள். அழகி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழுகைக் காட்சி என்றால் கண்ணில் சொட்டு மருந்து விட்டாக வேண்டும். விடுவதும் நான்தான். ஒரு நாள் அக்காளும் தங்கையும் சேர்ந்து அழுகிற காட்சி. நான் திவினாவுக்கு மூன்றாவது தடவையாக மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போதே, டிரெக் 'ஆக்‌ஷன்' என்று சொல்லி முடிக்கவில்லை, மினியாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. டிரெக் என்றால் எங்கள் பேச்சில் டைரக்டர். வயசானவர், வாயில் பூட்டு கிடையாது. எல்லார் முன்னாலும், "திவினா, நல்லா பாத்துக்கோம்மா. அழுகைன்னா இதுதான்" என்றார். அந்த மனுஷன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

மறுநாள் அக்காள் தங்கையை அறைகிற காட்சி. எங்கள் படங்களில் அறை இல்லாமல் முடியாது. சாமி கும்பிடாத ஊரும் அறை வாங்காத கதாநாயகியும் எங்கள் நாட்டில் கிடையாது. கை கன்னத்துக்கு முன்னால் காற்றில் போகும், வாங்குகிறவள் முகத்தைத் திருப்புவாள், சத்தம் அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. ஆனால் திவினா டிரெக்கிடம் போய், "எனக்குப் பொய்யா அடிக்க வராது டிரெக். நிஜமா அடிச்சாத்தான் உணர்ச்சி வரும்" என்றாள். டிரெக் மினியாவைப் பார்த்தார். மினியா சிரித்தாள். புதிதாக வந்தவள் வேறென்ன செய்வாள்?

முதல் அறை பளீரென்று விழுந்தது. அடித்த கையோடு திவினா சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத." அடித்தாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, வசனம் மறந்துபோச்சு!" என்றாள். இரண்டாவது தடவையும் மறந்தது. மூன்றாவது தடவையும் மறந்தது. நாலு வார்த்தை. கிளிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் மத்தியானத்துக்குள் சொல்லியிருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய் மினியாவின் இடது கன்னத்தில் பதிந்த விரல்களைப் பவுடரால் மறைத்தேன். திவினாவுக்கு வலது கைப் பழக்கம், அதனால் எல்லாம் ஒரே கன்னத்தில். ஒன்பதாவது தடவை மினியா மெல்லக் கேட்டாள். "லூர்டிங், யாராவது விசில் அடிக்கிறாங்களா?"

"இல்லையே."

"எனக்குக் கேக்குது."

நான் டிரெக்கிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேக்கப்காரி பேச்சு அம்பலம் ஏறாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. பதினாலாவது தடவை திவினாவுக்கு வசனம் ஞாபகம் வந்துவிட்டது. அழகாகச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். திவினா வந்து மினியாவைக் கட்டிக்கொண்டு, பத்திரிகைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, "வேலைன்னா வேலை. மனசுல வெச்சுக்காதம்மா" என்றாள்.

மறுநாள் மழைக் காட்சி. தீயணைப்பு வண்டியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி மூன்று நாள் எடுத்தார்கள். முந்தின ராத்திரி காதைப் பார்த்த டாக்டர், செவிப்பறை கிழிந்திருக்கிறது, உள்ளே தண்ணீர் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். இந்த வேடத்தை விட்டால் அடுத்தது எப்போது என்று மினியாவுக்குத் தெரியாது. போய் நனைந்தாள். காது சீழ் பிடித்தது. படம் வெளிவருவதற்குள் இடது காது செத்துவிட்டது.

அடுத்த மே மாதம் ஊரில் பாடினாள். நானும் கூடப் போயிருந்தேன். பக்கவாத்தியம் ஒரு பக்கம், இவள் குரல் ஒரு பக்கம். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காமல் அவள் தொண்டையைத் திறந்து கத்தினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய சொந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். "மணிலா தண்ணி குடிச்சுக் குரல் கெட்டுப்போச்சு!" என்று ஒருவன் கத்தினான். அப்பா பிடிலை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். மினியா கடைசிவரை பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். இறங்கியவள் அப்புறம் ஏறவேயில்லை.

சினிமாவும் கொஞ்ச நாளில் கை கழுவியது. இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "அந்தச் செவிடிய விட்டுட்டு வேற ஆளப் பாருங்கப்பா" என்று அவள் வலது பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னவர்கள் உண்டு.

கேசோன் சிட்டியில் ஒரு ரொட்டிக் கடைக்கு மாடியில் அறை பிடித்து நடிப்புச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். முதல் வருஷம் ஆறு பேர். பத்தாவது வருஷம் டிவிக்காரர்களே பெண்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். காது பாதியாகப் போனதால் அவள் வசனத்தைக் கேட்பதைவிட முகத்தைத்தான் பார்ப்பாள். பொய்யாக அழுகிறவளை அறையின் மறுகோடியிலிருந்தே பிடித்துவிடுவாள். "உனக்கு அழுகை வரல, பசிதான் வருது. கீழ போய் ரொட்டி தின்னுட்டு வா" என்பாள்.

அவள் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். யாரும் யாரையும் தொட்டு அடிக்கக் கூடாது. "அறை கையில இல்லடி, கன்னத்துல இருக்கு. அடிக்கிறவ சும்மா கையை வீசுவா. வாங்குறவதான் நடிக்கணும். கண்ணைத் தொறந்து வை. நாலு விரல் இடைவெளி. கை வர்றப்ப முகத்தைத் திருப்பு. முன்னாடியே கண்ணை மூடினா நீ நடிகை இல்ல, பயந்தாங்கொள்ளி." சுவரில் திவினாவின் பெரிய படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். புதிதாக வந்த பெண்கள், "உங்களுக்கு இவங்கன்னா ரொம்பப் பிடிக்குமா மேடம்?" என்று கேட்பார்கள். "தினம் பாக்கணும்னு தோணும்" என்பாள் மினியா. அது உண்மை.

மறந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். பெரிய வெள்ளிக்கு முன்னால் வருஷாவருஷம், செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். ஒரு வருஷம் வெளியே வந்து என்னிடம் சொன்னாள். "பாதிரியார் கறாராச் சொல்லிட்டார் லூர்டிங். தப்பு செஞ்சவங்க வந்து மன்னிப்புக் கேட்டா மன்னிச்சே ஆகணுமாம். தப்பிக்க வழியில்லையாம்."

"அவ எங்க வந்து கேக்கப்போறா?"

"அதான் எனக்கும் நிம்மதி" என்றாள். நாங்கள் இருவரும் கோயில் வாசலில் நின்று சிரித்தோம். புனித வாரத்தில் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

இருபத்தெட்டு வருஷம் போனது. திவினா டிவி தொடர்களில் பணக்கார மாமியார் ஆகிவிட்டாள். ஒரு தொடரில் எட்டு மாதம் எல்லாரையும் அறைந்து தீர்த்தாள். ஒவ்வொரு பேட்டியிலும், "நான் அடிச்சாலும் நிஜம், வாங்கினாலும் நிஜம். பொய் எனக்கு வராது" என்பாள். வாங்கியதே இல்லை, அது வேறு விஷயம். கதைப்படி கடைசியில் துணி துவைக்கிற ஓர் ஏழைத் தாய் வந்து அவளை அறைய வேண்டும். ஊரே அந்த ஓர் அறைக்காகக் காத்திருந்தது. தொடரின் டிரெக் எர்னி, மினியாவிடம் படித்தவன். ரொட்டிக் கடை மாடி ஏறி வந்து, "மேடம், துணி துவைக்கிற அம்மா வேஷம். ஒரே ஒரு காட்சி. எதிர்ல யாருன்னா..." என்று இழுத்தான்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றாள் மினியா.

பதினைந்து வருஷமாக எந்த வேடத்துக்கும் ஒப்புக்கொள்ளாதவள். நான் உள்ளே போய் என் பவுடர் பெட்டியைத் தூசி தட்டினேன்.

அன்று காலை வண்டியில் போகும்போது நான் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேன், எண்ணிக்கை தப்பக் கூடாதே என்று. "பதினாலும் குடுத்துடு மினியா. மோதிரத்தைக் கழட்டாம குடு" என்றேன். அவள் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வயசாகிவிட்டது, மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வாடகைக்கு எடுத்த பெரிய பங்களா. பத்திரிகைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் போனும் கையுமாக நின்றார்கள். திவினா குடை பிடிக்க ஓர் ஆள், விசிறி வீச ஓர் ஆளோடு வந்தாள். மினியாவைப் பார்த்து, "நாம சேர்ந்து வேலை பாத்திருக்கோமோ?" என்றாள்.

"ஒரே ஒரு தடவை மேடம்."

"எந்தப் படம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். ஞாபகம் இல்லை! ஒருத்தியின் குரலைப் பறித்துவிட்டு, அது எந்தப் படம் என்று கேட்கிறாள்.

எர்னி பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் மிகப் பணிவாக, "மேடம், அறை நிஜமா, பொய்யா? உங்க இஷ்டம்" என்று கேட்டான். அத்தனை போன்களும் திவினா பக்கம் திரும்பின. வேறென்ன சொல்ல முடியும்? "நிஜம்தான்" என்றாள். மினியா, "சரி மேடம்" என்றாள்.

கடைசி நேர மேக்கப் என் கையில். திவினாவின் இடது கன்னத்தில் மெதுவாகப் பவுடர் ஒற்றிக்கொண்டே நான் சொன்னேன். "இந்தக் கன்னம்தான் மேடம். எண்பத்தாறுல மினியாவுக்கும் இதே கன்னம்தான். பதினாலு தடவை. நீங்க வசனத்தை மறந்துட்டே இருந்தீங்களே, ஞாபகம் இல்ல? அப்பவும் நான்தான் பவுடர் போட்டேன்." என் பஞ்சுக்குக் கீழே அவள் முகம் மினியா நின்ற பக்கம் திரும்பியது. ஞாபகம் வந்துவிட்டது.

முதல் டேக். மினியா வசனத்தைச் சொல்லிக் கையை ஓங்கினாள். கை பாதி வழி வருவதற்குள் திவினா கண்ணை இறுக மூடி, தோளைக் காது வரைக்கும் தூக்கிக்கொண்டாள். மினியாவின் கை அப்படியே நின்றது. "மன்னிக்கணும் டிரெக், அவங்க கண்ணை மூடிட்டாங்க" என்றாள்.

"இன்னொண்ணு போலாம்" என்றான் எர்னி.

இரண்டாவதிலும் மூடினாள். மூன்றாவதில் ஓரடி பின்னால் நகர்ந்தாள். நாலாவதில் கையைத் தூக்கி முகத்தை மறைத்தாள். அந்தக் குரூரப் பணக்கார மாமியார், துணி துவைக்கிறவளுக்குப் பயந்த பூனை மாதிரி ஒடுங்கி நின்றாள். விளக்குப் பிடிக்கிறவர்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வொரு டேக்குக்கும் நான் ஜெபமாலையில் ஒரு மணி தள்ளினேன். ஏழாவதில் திவினா, "ஏன் அடிக்க மாட்டேங்குற?" என்று கத்தினாள்.

"கண்ணை மூடியிருக்கப்ப அடிச்சு என்ன மேடம் பிரயோஜனம்? டேக் வீணாயிடும்."

பத்தாவதில், "அடிச்சுத் தொலைடி! ஒரே தடவை அடிச்சு முடி!" என்று கெஞ்சினாள். மூக்கு ஒழுகியது. குடைக்காரன் ஓடி வந்தான், அவனைத் தள்ளிவிட்டாள். மினியா அதே இடத்தில், அதே குரலில், அதே வசனத்தைச் சொல்லி, அதே கையை ஓங்கினாள். வகுப்பில் எப்படியோ அப்படியே. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவள் இளகவும் இல்லை ஒன்றும் இல்லை. அடித்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். அடி விழாமலே இருந்தால் அதற்கு முடிவே கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பதினாலாவது டேக்கில் திவினாவுக்கு மூடவும் தெம்பில்லை. கண்ணைத் திறந்தபடி நின்றாள். மினியாவின் கை நாலு விரல் தள்ளிக் காற்றில் போனது. திவினாவின் முகம் தானாகத் திரும்பியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, நான் ஒரு சொட்டு மருந்தும் விடவில்லை. "கட்! ஓகே!" என்றான் எர்னி. எல்லாரும் கை தட்டினார்கள்.

பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் மினியா போய் அவளைக் கட்டிக்கொண்டாள். சத்தமாகவே சொன்னாள். "வேலைன்னா வேலை. மனசுல வெச்சுக்காதீங்க மேடம்." திவினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முகத்தைப் படிக்கிறவள் ஆயிற்றே மினியா, தலையைச் சட்டென்று திருப்பினாள். திவினாவின் வாய் அவளுடைய இடது காதில் போய் நின்றது. பவுடர் பெட்டியோடு பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது. "அன்னிக்கு வேணும்னுதான் மறந்தேன். என்னை மன்னிச்சிடு மினியா."

திரும்பி வரும்போது வண்டியில் மினியா மோதிரத்தை வாங்கி மாட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அவ சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எங்கிட்ட சொல்லிடாத. நான் கேக்கல. கேக்காததுக்கு பாதிரியார்கிட்ட பதில் சொல்ல வேண்டியதில்ல."

அந்த வாரம் ஊரெல்லாம் திவினாவின் அழுகையைப் பற்றித்தான் பேச்சு. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நடித்திருக்கிறாள் என்று எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மினியா மட்டும் பத்திரிகையைக் கத்தரித்து, சுவரில் அந்தப் படத்துக்குக் கீழே ஒட்டினாள். "அவளும் என் மாணவிதானே! கொஞ்சம் மக்கு. பதினாலு டேக் ஆச்சு" என்று வகுப்பில் சொல்லிச் சிரித்தாள். சாகும் வரை அந்தக் கதையை அவள் சொல்லாத நாளில்லை.

போன மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். எங்கள் வழக்கப்படி கோயில் பக்கத்துச் சிறு கூடத்தில் ஒரு வாரம் கிடத்தியிருந்தோம். மாணவிகள் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், சாவுக்கு விழித்திருக்கிற எல்லாரையும் போல எர்னி மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தான். கொலையுண்டவர்களின் சவப்பெட்டி மேல் எங்கள் ஊரில் ஒரு கோழிக்குஞ்சை விடுவது உண்டு. கொன்றவனின் மனசை அது கொத்துமாம். மினியா சர்க்கரை நோயில்தான் செத்தாள். இருந்தாலும் சந்தையில் ஒரு குஞ்சு வாங்கி வரலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் திவினா வந்தாள். குடைக்காரன் இல்லை. கைத்தடி இருந்தது. பெட்டியைப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"லூர்டிங், அன்னிக்கு நான் அவகிட்ட ஒண்ணு சொன்னேன். அவ பதிலே சொல்லல. அதைப் பத்தி உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"அவங்களுக்கு அது கேட்டிருக்காது மேடம். ஒரு காது கேக்காது. நீங்க அடிச்சதுல போனது."

உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. முகம் வெளுத்தது. "எந்தக் காது?" என்று கேட்டாள்.

எந்தக் காதாம்! பதினாலு தடவை அதே கையால் அதே பக்கம் அடித்தவள் என்னிடம் கேட்கிறாள். எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்வியில் அது போய்விட்டது.

"வலது காது மேடம்" என்றேன்.

திவினா கைத்தடியை ஊன்றி, பெட்டியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக மினியாவின் இடது பக்கம் போனாள். பெட்டியின் கண்ணாடி மூடி மேல் குனிந்து, முகத்தை எப்போதோ செத்துப்போன அந்தக் காதுக்கு நேராக வைத்துக்கொண்டு, வெகுநேரம் என்னவோ சொன்னாள். செத்தவர்களின் கண்ணாடி மேல் கண்ணீர் படக் கூடாது என்பார்கள். அதனால் நான் பக்கத்தில் போய், பவுடர் பெட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரிய வெள்ளிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பாதிரியாரிடம் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.